முன்பக்கம் ஓர் இஞ்ச் கூடுதல்!

நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாகச் சுடிதார் போட்டவள் நான். சிரிக்காதீர்கள், சகோதரிகளே! பள்ளிக்கூடம் போன காலத்தில் பாவாடை தாவணி, கல்யாணமான மறுநாளிலிருந்து புடவை. இப்படியே ஓடிவிட்டது காலம். சுடிதார் என்பது என் பெண்ணின் சமாசாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தேன்.

எங்கள் ஊர் பெரிய முதலியார்சாவடி. பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம் தாண்டி வரும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆரோவில் போகிற செம்மண் மேடு. என் அத்தைக்கு (மாமியாரைச் சொல்கிறேன்) சர்க்கரை உண்டு. அதோடு சேர்ந்து தோள்பட்டையும் இறுகிப் போய், வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் ஆகிவிட்டது. வாரம் மூன்று நாள் பாண்டிக்குப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டும், நடுவில் விட்டால் மறுபடி இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு ஷிப்டு வேலை. தினம் ஆட்டோ என்றால் கட்டுப்படியாகுமா? ஸ்கூட்டர் கற்றுக்கொண்டேன். புடவையோடு அழகாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு என்னவோ கொசுவம் ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம் என்று போராட்டமாகவே இருந்தது. ஆகவே சுடிதார்.

"இந்த வயசுல சுடிதாரா?" என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். கோட்டையில் வேலை செய்கிற அம்மாமார்களுக்கே 2019-ல் அரசாங்கம் போட்ட உத்தரவில், புடவையோடு சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் எல்லாம் அணியலாம் என்று இருக்கிறது, எனக்கென்ன தடை என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் வீரம்தான். உள்ளுக்குள் உதறல்.

முதல் டாப்ஸ் பாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரெடிமேடாக வாங்கியது. நீளம் 46 இஞ்ச். நான் ஐந்தடி உயரம். போட்டுப் பார்த்தால் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. "அம்மா, நைட்டிக்கு எதுக்கும்மா துப்பட்டா?" என்றாள் என் பெண். சரி, அளவு கொடுத்தே தைப்போம் என்று துணி வாங்கி ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். அது இன்னும் மோசம்! முன்பக்கம் மேலே ஏறி நிற்கிறது, பின்பக்கம் வால் மாதிரி தொங்குகிறது. இரண்டு பக்க ஓபனும் வாயைப் பிளந்துகொண்டு சல்வார் நாடா வரைக்கும் தெரிகிறது. கேட்டால் அவர், "உங்க உடம்புக்கு இப்படித்தாம்மா வரும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதுமே! இரண்டு பிரசவம், அதற்குமேல் பத்து வருஷத்துச் சாப்பாடு, வயிறு இருக்கத்தான் செய்யும். ஆனால் அதை ஒருவர் சொல்லிக் கேட்பது வேறு. அந்த டாப்ஸோடு ஒருநாள் பெட்ரோல் பங்கில் நின்றேன். கடல் காற்று மெல்லிய துணியைத் தூக்கியடிக்க, அங்கே நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களோ, வேறு எதற்கோ, கடவுளுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிப் பரணில் போட்டவள், மூன்று வாரம் ஸ்கூட்டரைத் தொடவில்லை. அத்தையும் பயிற்சிக்குப் போகவில்லை. காது வரைக்கும் தூக்கப் பழகியிருந்த கை மறுபடி தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. "எனக்குத் தலை வார முடியலடி" என்று அத்தை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு துணியின் ஓரத்துக்காக ஒரு கையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்!

எங்கள் தெருக் கோடி வீட்டு அக்கா பல வருஷம் ஆயத்த ஆடைத் தையலில் வேலை பார்த்தவர். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். "அத போட்டுக்கிட்டு வா, பாக்கலாம்" என்றார். போட்டுக்கொண்டு போனேன். என்னைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"துணி போற பாதையப் பாருடி. முன்னாடி தோள்லேர்ந்து மார்மேல ஏறி, வயித்துமேல ஏறி, அப்புறம் கீழ எறங்கணும். பின்னாடி நேரா எறங்கிடுது. ரெண்டையும் ஒரே நீளம் வெட்டினா முன்னாடி தூக்காம என்ன செய்யும்? உடம்புமேல ஏன் பழி போடறீங்க? கத்திரிக்கோல் தப்பு அது."

எனக்கு அப்படியே மனசு லேசாகிவிட்டது போங்கள்! இது எவ்வளவு சின்ன கணக்கு, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

நீங்களும் வீட்டிலேயே பார்க்கலாம். நேராக நின்றுகொண்டு, கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் டேப்பை வைத்து, மார்மேலும் வயிற்றுமேலும் விட்டுத் தரை வரைக்கும் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அதே இடத்திலிருந்து முதுகுப் பக்கமும் தரை வரை அளக்கச் சொல்லுங்கள். எனக்கு முன்பக்கம் ஓர் இஞ்ச் கூட வந்தது. அந்த ஓர் இஞ்சை முன்பாகத்தில் நடுவில் கூட்டி வெட்டி, ஓரத் தையலுக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் சரித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். போட்டதும் ஓரம் சுற்றிலும் தரைக்குச் சமமாக நிற்கும். சிலருக்கு வயிறு தட்டையாக இருந்து பின்பக்கம் பெருத்திருக்கும். அவர்களுக்குப் பின்னால்தான் தூக்கும், அங்கே கூட்ட வேண்டும். ஏற்கெனவே தைத்துவிட்ட என் டாப்ஸில் மடிப்புக்குள் துணி இல்லை. அதனால் அக்கா பின்பக்கத்தை ஓர் இஞ்ச் குறைத்துச் சமமாக்கினார்.

அடுத்தது அந்த ஓபன். வடக்கே இதைச் 'சாக்' என்பார்களாம். நடக்கவும் சம்மணம் போடவும் தோதாகத்தான் இரண்டு பக்கமும் திறந்து விடுகிறார்கள். அது இடுப்பிலேயே ஆரம்பித்தால், நம் பெருத்த பகுதி துணியை இரண்டு பக்கமும் இழுக்க, வாய் பிளக்காமல் என்ன செய்யும்? சீட் அளவு எடுக்கும்போது நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று, இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். நமக்கெல்லாம் உட்கார்ந்த அளவுதான் நிஜ அளவு! அதற்குமேல் 2 இஞ்சாவது லூஸ் இருக்க வேண்டும். பெருத்த இடம் தாண்டி 2 இஞ்ச் கீழே ஓபன் ஆரம்பிக்கட்டும். என்னுடையதில் ஓரத் தையலுக்கு உள்ளே நல்லவேளையாகத் துணி விட்டிருந்தார்கள். அதைப் பிரித்துச் சீட்டில் விட்டுக்கொடுத்ததும், பிளந்த வாய் மூடிக்கொண்டது.

சரி, நீளம் எங்கே முடிய வேண்டும்? பார்க்கிறவர் கண் துணியின் ஓரத்தில்தான் போய் நிற்கும். ஓரம் நம் உடம்பில் எது பெருத்த இடமோ அங்கே முடிந்தால், 'இதோ பார்' என்று கோடு போட்டுக் காட்டின மாதிரி. சீட்டின் நடுவில், தொடையின் பெருத்த பகுதியில், கெண்டைக்காலின் உருண்டையில் முடியக் கூடாது. முழங்காலுக்குச் சற்று மேலே, அல்லது சற்றுக் கீழே, அல்லது கெண்டைக்கால் சதை தாண்டி மெலிகிற இடம், இவை நல்ல இடங்கள். கண்ணாடி முன்னால் ஒரு பழைய துப்பட்டாவைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டு, ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

என்னைப் போலக் குட்டையானவர்களுக்கு முழங்காலை ஒட்டின நீளம் போதும். எனக்கு அது 36 இஞ்ச். 46 இஞ்ச் ரெடிமேடை அந்த அளவுக்கு வெட்டினதும், "அட, அம்மாவா இது!" என்றாள் அதே பெண். கீழே அகலமான பார்டர் வேண்டாம். அது ஆளை இரண்டாக வெட்டி இன்னும் குட்டையாக்கும். ஒல்லியாக, நெட்டையாக இருப்பவர்களுக்கு அந்தப் பார்டரே அழகு, அம்ப்ரெல்லா கட்டும் அவர்களுக்கு எடுக்கும். தோள் அகலம், கீழே மெலிவு என்றால் ஓரம் கொஞ்சம் விரிந்து நிற்கட்டும், மேலும் கீழும் சமமாகிவிடும். வயிறு உள்ளவர்கள் இடுப்பில் பிடித்துத் தைக்காமல், மாருக்குக் கீழிருந்து மெள்ள அகலமாகிற ஏ லைன் போடலாம். லெக்கின்ஸுக்குக் குட்டை டாப்ஸ் மட்டும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். என் பெண் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மரக்காணம் பக்கம் பஸ்ஸில் போகும்போது உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களைக் கவனித்திருக்கிறேன். புடவைமேல் ஆம்பிளை முழுக்கைச் சட்டை. வெயிலுக்கும் உப்புக்கும் காப்பு. அந்தச் சட்டையின் ஓரத்தைப் பாருங்கள். முன்னும் பின்னும் இறங்கி, இரண்டு பக்கமும் வளைந்து மேலே ஏறியிருக்கும். நாள் பூராவும் குனிந்து உப்பு வாரும்போது துணி தொடையில் சிக்காது, குனிந்தாலும் முதுகு தெரியாது. இந்த வளைவு ஓரத்தைத்தான் இப்போது கடைகளில் புது மாடல் என்று டாப்ஸில் விற்கிறார்கள். சீட் பெருத்தவர்களுக்கு நல்ல தோது. பக்கத்தில் ஓபனே வேண்டாம், பிளக்கவும் பிளக்காது.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. ஓரத்தை அரை இஞ்ச் மடித்து அடித்தால் காற்றுக்குத் தாங்காது. ஒன்றரை இஞ்ச் மடியுங்கள். அந்தக் கனத்தில் துணி படிந்து உட்காரும். பின்னால் உட்காரும்போது அம்ப்ரெல்லா கட் டாப்ஸையும் துப்பட்டாவையும் மடியில் சுருட்டி வைத்துக்கொள்ளாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். சக்கரத்தில் சிக்கினால் பெரிய ஆபத்து. பருத்தித் துணி என்றால் தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காய வையுங்கள். இல்லாவிட்டால் 40 இஞ்சில் ஒன்றரை, இரண்டு இஞ்ச் சுருங்கி, பார்த்துப் பார்த்து வைத்த ஓரம் பெருத்த இடத்துக்கே ஏறிவிடும்.

பிள்ளை பெற்ற தங்கைமார்களே, முதல் ஆறு மாதம் விலை உயர்ந்த துணி எதையும் தைக்காதீர்கள். உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். தைப்பதாக இருந்தால் ஓரத் தையலில் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விடச் சொல்லுங்கள், பின்னால் ஏற்றவும் இறக்கவும் உதவும். தரையில் உட்கார்ந்து பால் கொடுக்கும்போது முதுகும் இடுப்பும் தெரியாத நீளம் வேண்டும். சீட் தாண்டி ஒரு சாண் கீழே வந்தால் நிம்மதி.

டாப்ஸ் ஓரம் ஒழுங்காக நின்றால் நாடாவை இறுக்கிக் கட்டவும் வேண்டியதில்லை. முன்னே தெரிந்துவிடுமோ என்று பயந்து நான் நாடாவை ஏற்றி இறுக்கி, இடுப்பைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. இடுப்பில் உடை அழுத்தின இடத்திலேயே ஆறாத புண் வந்து, அது புற்றுநோயாக மாறின இரண்டு பெண்களைப் பற்றி நம் நாட்டு டாக்டர்கள் 2024-ல் ஒரு வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். இருவரும் பல வருஷம் புடவையை இடுப்பில் இறுக்கிக் கட்டியவர்கள். அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பில் கறுப்பு, அரிப்பு, ஆறாத புண் என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டியும் எலாஸ்டிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வெட்டின துண்டுகளை எறிய மனசு வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்து மீனவப் பெண்கள் ஆரோவில்லில் துண்டுத் துணியிலேயே 'சுனாமிகா' பொம்மை செய்தார்களே, அந்த ஞாபகம். 46 இஞ்ச் டாப்ஸில் மிஞ்சின 10 இஞ்ச் துணி அத்தையின் நைட்டிக்கு முன் பட்டியாக வந்தது. கையைத் தூக்காமலே மாட்டிக்கொள்ள, முன்பக்கம் முழுக்கத் திறந்து பட்டன் வைத்தோம். கணுக்காலுக்கு நாலு இஞ்ச் மேலே நிற்கும்படி ஓரத்தையும் ஏற்றினோம், படியேறும்போது மிதித்து விழுந்துவிடக் கூடாதே என்று. அத்தைக்கு அதில் கொஞ்சம் கோபம்.

"நா இன்னா சின்னப் பொண்ணா, குட்டைப் பாவாட போட்டுக்கிட்டுத் திரிய?"

வாய்தான் அப்படிச் சொல்லிற்று. மறுநாள் காலை பயிற்சிக்குக் கிளம்புகிறபோது அதையே போட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் பக்கத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.