வளையும் முதுகும் வலிக்கும் மூட்டும்

முன்னுரை

குட்டி ஜப்பான் எனப் பெயர் பெற்றது சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அவர்கள் இட்ட வித்து, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என முக்கிளையாகத் தழைத்து, வானம் பார்த்த இக்கரிசல் மண்ணில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது. இத்தொழிலின் இடர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வெடி விபத்தே. அது நாளிதழின் முதற்பக்கத்தில் இடம்பெறும். ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் வளரும் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அங்கே இடமில்லை. அவ்வலி எவ்வாறு தோன்றுகிறது, உணவும் வாழ்க்கை முறையும் அதனை எவ்வாறு கூட்டுகின்றன, எவ்வாறு குறைக்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழற்சி என்பது யாது?

சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் ஆகிய நான்கும் அழற்சியின் அடையாளங்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் செல்சஸ் எழுதிவைத்தார். அழற்சி உடலின் காவற்படை; காயம்பட்ட இடத்திற்கு விரைந்து சென்று, பணி முடிந்ததும் திரும்ப வேண்டியது. பணி முடிந்த பின்னும் அப்படை திரும்பாமல் தங்கிவிடின், காவலே நோயாகிறது.

மூட்டுவாதம் என்று பொதுவாக வழங்கும் பெயருக்குள் பல நோய்கள் அடங்கும். அவற்றுள் மூன்று முதன்மையானவை. மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வருவது தேய்மான வாதம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டையே தாக்குவதால் வருவது முடக்குவாதம். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் படிகமாகத் தங்குவதால் வருவது கௌட் என்னும் நோய். மூன்றும் வலியைத் தருபவையே ஆயினும், காரணமும் மருத்துவமும் வெவ்வேறு. புனே அருகிலுள்ள பிக்வான் என்னும் ஊரில் 1996இல் மருத்துவர் அரவிந்த் சோப்ரா தொடங்கிய வீடுதோறுமான ஆய்வில், முடக்குவாதம் உடையோர் ஏறத்தாழ அரை விழுக்காட்டினரே எனத் தெரியவந்தது. தசை, முதுகு, மூட்டு ஆகியவற்றின் பொதுவான வலியும் தேய்மானமுமே மிகுதியாகக் காணப்பட்டன.

அமர்ந்தே செய்யும் தொழில்

காகிதக் குழாய் சுற்றுதல், பெட்டி ஒட்டுதல், தீக்குச்சிக் கட்டை அடுக்குதல் ஆகியவை பெரும்பாலும் தரையில் அமர்ந்து முன்குனிந்து செய்யும் பணிகள். பெண்களே இவற்றில் மிகுதி.

முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. வளர்ந்தோரின் வட்டுக்குள் இரத்தக் குழாய் இல்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து சத்து மெல்லக் கசிந்து உட்செல்ல வேண்டும். நாம் அசைவதும் நிலை மாறுவதும் அதற்குத் துணை செய்யும். மூட்டுக் குருத்தெலும்பும் அவ்வாறே. அழுத்தினால் நீரை விட்டு, விட்டால் நீரை உறிஞ்சும் பஞ்சினைப் போல, அது மூட்டு நீரிலிருந்து உணவு பெறுகிறது. ஆகவே அசைவே மூட்டின் ஆகாரம் எனலாம். மணிக்கணக்கில் ஒரே நிலையில் குனிந்திருப்பவரின் வட்டு சுமையைத் தாங்குகிறது. சத்தினைப் பெறுவதோ குறைகிறது. முதுகுத் தசைகளும் ஓய்வின்றி இறுகிக் களைக்கின்றன. முழங்காலின் நிலையும் இத்தகையதே. இளமையில் நெடுநேரம் குந்தியிருந்தோருக்கு முதுமையில் முழங்கால் தேய்மானம் மிகுந்திருந்ததைப் பெய்ஜிங் முதியோரிடம் நிகழ்த்திய ஓர் ஆய்வு 2004இல் காட்டியது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றே பணிபுரிவோர்க்கு அமர இருக்கை வேண்டும் என வகுத்தது. அமர்ந்தே பணிபுரிவோர்க்கு எழுந்து நிற்க இடைவேளை வேண்டும் என்பதனையும் நாம் எண்ணுதல் வேண்டும். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுபவருக்கு எழுந்து நிற்கும் ஐந்து நிமிடமும் இழப்பாகவே தோன்றும். “ஓய்வெடு” என்று மருத்துவர் கூறுவது எளிது. அவ்வோய்வின் விலையை யார் கொடுப்பது என்பதே வினா.

உணவின் பங்கு

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் அளவையும் முறையையுமே பேசுகிறது. இன்றைய ஆய்வுகளும் அளவிலிருந்தே தொடங்குகின்றன. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. எண்ணெயில் பொரித்த விருதுநகர்ப் பரோட்டாவும், சாத்தூர்க் காராச்சேவும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் நம் மண்ணின் பெருமைகள். அவை விருந்துக்குரியவை, அன்றாட உணவாகும்போது இடை பெருக்கும். நம் முன்னோர் உண்ட கம்பும் குதிரைவாலியும் கேழ்வரகும், கீரையும் பருப்பும் சேர்ந்த தட்டு, எடையையும் அடக்கும், சத்தையும் அளிக்கும். மெலிந்த உடலினரான தொழிலாளிக்கு எடை குறைக்கும் அறிவுரை பொருந்தாது. அவருக்கு வேண்டியவை தசையை வளர்க்கும் பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியனவே.

கௌட் நோயினர் ஆட்டிறைச்சி, ஈரல், குடல் ஆகியவற்றையும் இனிப்புக் குளிர்பானத்தையும் குறைத்தல் வேண்டும். மதுவை அறவே நீக்குதல் வேண்டும். பருப்பும் கீரையும் இந்நோயைத் தரும் என அஞ்சுவோர் பலர். 2004இல் வெளிவந்த பெரியதோர் அமெரிக்க ஆய்வு, இறைச்சி அந்நோயின் வாய்ப்பைக் கூட்டுவதையும், பயறும் கீரையும் கூட்டாமையையும், கொழுப்பு நீக்கிய பால் குறைப்பதையும் காட்டியது.

மத்தி போன்ற மீன்களின் கொழுப்பில் உள்ள ஒமேகா-3, முடக்குவாதத்தின் வலியையும் காலை விறைப்பையும் ஓரளவு தணிக்கும். மஞ்சளின் குர்க்குமின் உடலில் எளிதில் சேராது. மிளகின் பைபெரின் அதனைச் சேரச் செய்கிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டனர். மஞ்சளும் மிளகும் கூடிய நம் இரசம் நல்லுணவு. எனினும் அதனை மருந்துக்கு ஈடாகக் கொள்ளலாகாது.

நோன்பு வழிபாடு; மருத்துவம் அன்று. ஆயினும் நார்வே நாட்டில் நிகழ்ந்து 1991இல் வெளிவந்த ஆய்வொன்று இங்கு எண்ணத்தக்கது. முடக்குவாத நோயினர் 7 முதல் 10 நாள் திட உணவைத் துறந்து, பின்னர் ஓராண்டு மரக்கறி உணவைக் கைக்கொண்டனர். வலி குறைந்தது, குறைந்த நிலை நீடித்தது. பட்டினி முடிந்தவுடன் பழைய உணவுக்கே மீண்டோர்க்கு வலியும் மீள்வதை வேறு ஆய்வுகள் காட்டின. பகலெல்லாம் நோன்பிருந்து, மாலையில் வடையும் சமோசாவும் நிறைப்பதால் பெற்ற பயன் கரையும். பேரீச்சையும் கஞ்சியும் பழமும் போதிய நீரும் நன்று. நாள்தோறும் மருந்துண்போர் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து கொள்க.

பிற காரணங்கள்

2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியா பலருக்கு மாதக்கணக்கில் மூட்டுவலியை விட்டுச் சென்றது. அதனைப் பரப்பும் கொசு, வீட்டில் தேக்கிய நன்னீரில் வளர்வது. குடத்திலும் தொட்டியிலும் நீரைச் சேமித்தே வாழும் நம் மாவட்டத்தில், நீர்த்தொட்டியை மூடிவைப்பதும் மூட்டைக் காப்பதாகும். பீடியும் சிகரெட்டும் முடக்குவாதத்தின் வாய்ப்பைக் கூட்டும். முதுகுவட்டின் தேய்மானத்தையும் விரைவுபடுத்தும்.

அனைத்தினும் கொடியது, பெயர் தெரியாத மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கும் பழக்கம். வலிநிவாரணிகள் நாட்பட்டால் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்தில் சேதத்தையும் தரும். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் வலியை உடனே நீக்கிப் பின்னர் எலும்பையே நொய்யச் செய்யும்.

செய்யத்தக்கன

அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து பின்வளைதல், நாளும் அரைமணி நடத்தல், சுமையை உடலோடு அணைத்துத் தூக்குதல், நீர்க்குடத்தை ஒரே இடுப்பில் சுமவாமை ஆகியன செலவில்லாதவை. நாட்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சியையும் விளக்கக் கல்வியையும் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதை 2023இல் மறுத்துரைத்தது.

வேதிப்பொருள் கலக்கும் அறையில் இரும்பு நாற்காலியை இழுத்தால் உராய்வுப் பொறியே எமனாகும். அங்கே பாதுகாப்பு விதியே முதன்மை. ஆனால் குழாய் சுற்றும் கூடத்திலும் பெட்டி ஒட்டும் வீட்டிலும் உயர்ந்த பலகையும் சாய்மானமும் அமைக்கத் தடையில்லை. உரிமையாளர்கள் மனங்கொண்டால் கூலி குறையாத சிறு இடைவேளையும் இயலும்.

கைவிரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் ஒருமணி நேரத்திற்கு மேல் விறைத்திருந்தாலும், முதுகுவலியோடு காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்தல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியன தோன்றினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனை செல்க. 2022இல் திறக்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே உள்ளது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையையும் இல்லத்திற்கே கொணர்ந்தது.

முடிவுரை

நிற்கவும் குனியவும் இயலாதோர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்துள்ளது. அச்சலுகை முதுமைக்கும் நோய்க்கும் உரியது. நாற்பது வயதுத் தாய்க்கு அவள் தொழிலே அந்நிலையைத் தந்துவிடலாகாது. நாடெங்கும் ஒளி சிதறும் வாணங்களை உருட்டும் கைகளுக்குரியோர் சமயம் கடந்து நம் உடன்பிறப்புகள். மாணவர்களே! இக்கட்டுரையின் செய்தியை முதலில் உங்கள் இல்லத்தில் குனிந்து பெட்டி ஒட்டும் தாயிடம் கொண்டு செல்லுங்கள். பெரியோர்களே! ஜும்ஆ நாளிலும் ஊர்க்கூட்டத்திலும் இதனை எடுத்துரையுங்கள். உழைப்பவர் முதுகு நிமிர, வல்ல இறைவன் துணை நிற்பானாக!