உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் இலைக்குள் இத்தனை விஷயமா!

ஹாலில் வைத்த செடியின் இலை மஞ்சளாகிவிட்டதா? உரப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். ஒவ்வொன்றும் முத்து!

அந்த மஞ்சள் புதிதாக வந்ததே இல்லை! இலை பச்சைப்பசேலென்று இருந்தபோதே கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி உள்ளேதான் இருந்தது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. அவ்வளவுதான்!

வீட்டுச் செடிகள் தாகத்தால் சாவதைவிட, நாம் பாசத்தோடு ஊற்றும் தண்ணீரால் சாவதுதான் அதிகம்!

வேரும் சுவாசிக்கிறது! காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு மெதுவாகப் பரவும் தெரியுமா? சுமார் 10,000 மடங்கு மெதுவாக! மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேருக்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

தண்ணீர் கூடிப்போன செடியும் வாடித்தான் நிற்கும்! வேர் அழுகிவிட்டதால் தண்ணீரை உறிஞ்ச முடிவதில்லை. தாகம் என்று நினைத்து நாம் இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். செடியின் கதை முடிந்தது!

தொட்டியைச் சாய்த்துச் செடியை மெல்ல உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் கவலை இல்லை. பழுப்பாகி, வழவழவென்று, இழுத்ததும் தோல் கழன்று நூல் மட்டும் நின்றால் அழுகல்! அழுகியதை நறுக்கி எறிந்துவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். நல்ல வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்தால்கூடத் துளிர்க்க வாய்ப்பு உண்டு!

வேரின் வீரியத்தை 1937-லேயே எண்ணிக் காட்டிவிட்டார் அமெரிக்க ஆய்வாளர் டிட்மர். நான்கு மாத வயது. ஒரே ஒரு ரை (rye) தானியச் செடி. ஒரு சின்ன மரப்பெட்டி. அதற்குள் வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கும் மேல்! வேர்த் தூவிகள் சுமார் 1,400 கோடி!

கீழே இருக்கும் பழைய இலை முழுசாக மஞ்சளா? தண்ணீர் அளவு சரியாக இருந்தால், நைட்ரஜன் பஞ்சமாக இருக்கலாம்! பழைய இலையிலிருந்து நைட்ரஜனை உருவித் துளிருக்கு அனுப்பிவிடுகிறது செடி. இலையின் நைட்ரஜனில் 75 சதவீதம் வரை, பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்களுக்குள்தான் இருக்கிறது!

உச்சியில் இருக்கும் புது இலை மஞ்சளா? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பெல்லாம் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள் என்று வலைபோலத் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புப் பஞ்சம்தான்!

பூமியின் மேலோட்டில் சுமார் 5 சதவீதம் இரும்பு! ஆனாலும் தொட்டிச் செடிக்குக் கிடைப்பதில்லை. மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) ஒரே ஒரு புள்ளி ஏறினால், கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு 1,000 மடங்கு குறைகிறது! உப்புக் கறை படியும் போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் பி.எச். ஏறத்தான் செய்யும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்!

கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றும் வழக்கம் உண்டல்லவா? அந்த மோர் அமிலம். பி.எச். 5-க்கும் கீழே!

சோகை பிடித்த இலையில் இரும்புக் கரைசலைத் தடவிப் பச்சையாக்கிக் காட்டினார் பிரெஞ்சு வேதியியலாளர் யூசெப் கிரி. எப்போது? 1840-களில்!

பச்சைய மூலக்கூறின் நட்டநடுவில் இருப்பது ஒரே ஒரு மக்னீசியம் அணு! நம் ரத்தத்தின் ஹீமில் அதே இடத்தில் இரும்பு! பச்சையத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்குக் கிடைத்தது 1915-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு!

வெளிச்சம் குறைந்தாலும் இலை மஞ்சளாகும்! நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். டியூப்லைட் எரியும் ஹால்? சில நூறு லக்ஸ்தான்! நம் கண் ஏமாறும். செடி ஏமாறாது! ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்.

பழுத்த வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் செடியை வைக்காதீர்கள்! பழம் விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கி உதிர்க்கும். 19-ஆம் நூற்றாண்டில் தெருவிளக்கு வாயு கசிந்த இடங்களில் மரங்களே மொட்டையாயின! அந்த வாயுவில் வேலையைக் காட்டுவது எத்திலீன்தான் என்று 1901-இல் பட்டாணி நாற்றை வைத்து நிரூபித்தார் ரஷ்யாவின் திமித்ரி நெல்யுபோவ்!

இலையில் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளிகளா? அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசி அல்ல, சிலந்திப்பேன்! உடல் நீளம் அரை மில்லிமீட்டர்தான். ஒரு பெண் பேன் இடும் முட்டைகள் 100-ஐத் தாண்டும்! இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

மணி பிளான்ட் இலையில் பிறவியிலேயே இருக்கும் மஞ்சள் தீற்றல் நோயே அல்ல! அதன் தாயகம் பசிபிக் கடலின் மூரியா தீவு. வளர்ப்புச் செடி தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது எப்போது? 1964-இல்!

இசட்.இசட். செடிக்கு ஏன் அடிக்கடி தண்ணீர் தேவையில்லை? அதன் இலையில் 91 சதவீதமும், காம்பில் 95 சதவீதமும் தண்ணீர்தான்!

தொட்டிச் செடி எவ்வளவு காலம் வாழும்? லண்டன் கியூ தோட்டத்துக்கு 1775-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு சைக்கட் வகைச் செடி வந்து சேர்ந்தது. இன்றும் தொட்டியில்தான் இருக்கிறது. எடை 1 டன்னுக்கு மேல்!

முழுக்க மஞ்சளான இலை மறுபடி பச்சையாவது அபூர்வம். அதைப் பார்த்து மனசு உடையாதீர்கள். அடுத்த துளிர் பச்சையாக வந்தால் செடி பிழைத்துக்கொண்டது!

இனி இலை மஞ்சளானால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் இருந்தால் சொம்பைக் கீழே வையுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். செலவு? 0 ரூபாய்!