திரையில் கோடு விழுந்தால்: டிவியைக் கழற்ற விடும் முன்

மைசூர் குவெம்பு நகரிலோ சரஸ்வதிபுரத்திலோ ஒரு வீட்டு டிவியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்தால், வந்து பார்க்கிறவர் வாயிலிருந்து அடிக்கடி வருவது இதுதான்: "பேனல் ஹோய்து சார்." பேனல் போய்விட்டது என்றால் வீட்டார் மேற்கொண்டு பேசுவதில்லை. பேனல் விலையைக் கேட்டால் புது டிவியே வாங்கிவிடலாம் போலிருக்கும். பழையது கழிவுக்காரரிடம் போகும். கோளாறு உண்மையில் பேனலில்தானா, உத்தரவாதக் காலத்தில் அதற்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளும் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. இந்த இரண்டையும் கேட்டாக வேண்டும். முதல் கேள்விக்குப் பாதி விடையை வீட்டில் இருப்பவரே, ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், கண்டுபிடித்துவிடலாம்.

டிவியின் சொந்த ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்துங்கள். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அழுத்தினால் பயனில்லை. அந்த மெனுவை டிவி தானே வரைந்து காட்டுகிறது. அது வெளியிலிருந்து வருவதில்லை. பின்னால் ஓடும் படம் கலைந்திருந்து மெனு மட்டும் தெளிவாக இருந்தால், பேனல் நன்றாக இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் சிக்னலிலோ, எச்டிஎம்ஐ கேபிளிலோ, செட்டாப் பாக்ஸிலோ இருக்கும். மெனுவும் சேர்ந்து கலைந்தால் கோளாறு டிவிக்குள். ஐயம் தீர, பென் டிரைவில் ஒரு புகைப்படத்தைப் போட்டு டிவியில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். சில கம்பெனி டிவிகளில் அமைப்புகளுக்குள்ளேயே படச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. அதையும் ஓட்டிப் பார்க்கலாம்.

படம் சதுரம் சதுரமாக உடைந்து, குரலும் விட்டு விட்டு வந்தால் அது சிக்னல் குறைவு. சித்திரை, வைகாசிக் கோடை மழையில் டிஷ் வைத்த வீடுகளில் இது சாதாரணம். கனத்த மழை செயற்கைக்கோள் அலைகளை விழுங்கிவிடும். மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நாட்களில் பகலில் சில நிமிடங்கள் படம் போகும். தசராவை ஒட்டி இது நேர்ந்தால் பதறி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், தானே சரியாகும். முகங்கள் இழுத்துவிட்டது போலவோ ஓரம் வெட்டுப்பட்டோ தெரிந்தால் அது பட அளவு அமைப்பு மாறியதால் வந்தது. அதற்குப் பணம் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

டிவிக்குள்தான் கோளாறு என்று தெரிந்தாலும் அது பேனல்தான் என்று ஆகிவிடாது. குரல் வருகிறது, திரை இருட்டாக இருக்கிறது என்றால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, பின்னால் இருக்கும் பேக்லைட் எல்இடி பட்டைகளோ அவற்றுக்கு மின்சாரம் தரும் பகுதியோதான் போயிருக்கிறது. திரை முழுவதும் ஊதாவோ நீலமோ ஏறியிருந்தாலும் பெரும்பாலும் பேக்லைட்டின் மூப்புதான். படம் நெகடிவ் போலத் தெரிவது, பாதித் திரை மட்டும் கெடுவது போன்றவற்றுக்கு படத்தைப் பேனலுக்கு அனுப்பும் டி-கான் போர்டோ அதற்குப் போகும் ரிப்பன் கேபிளோ காரணமாக இருக்கலாம். இவை பேனலைவிட மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடியவை. மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் மெல்லிய நேர்கோடு மட்டும் பெரும்பாலும் பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும் நுண் இணைப்புகள் விட்டுப்போவதால் வருவது. பேனல் கோளாறுதான், ஆனால் யாரும் அடித்ததால் வந்ததில்லை.

சண்டை தொடங்கும் இடம் இது. உத்தரவாதம் பேனலின் உற்பத்திக் குறையை ஏற்கும், வெளிச்சேதத்தை ஏற்காது. அதனால் பழுது பார்க்க வருபவர் எழுதும் ஜாப் ஷீட்டில் "வெளிச்சேதம்" என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் இலவசமாக மாற்ற வேண்டிய பொருளுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கும். அடிபட்ட திரைக்கு அடையாளம் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் விரிசல் கிளைத்திருக்கும், அதைச் சுற்றி மை கொட்டியது போலக் கருமை பரவியிருக்கும். நுண் இணைப்பு விட்டுப்போன திரையில் அடி விழுந்த புள்ளியே இருக்காது, கோடு விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும். ஆகவே யாரையும் டிவியைத் தொட விடும் முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிவியை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்து, திரையின் முழுப் பரப்பையும் நான்கு மூலைகளையும் வீடியோ எடுங்கள். பிறகு போட்டுவிட்டு, மெனு திறந்த நிலையில் கோளாறை எடுங்கள். பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும் அதே வீடியோவில் வரட்டும். டிவி கழற்றப்பட்டு, வண்டியில் ஏறி, பணிமனைக்குப் போன பிறகு விரிசல் எங்கே வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். "டிவி வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. என்ன கோளாறு, எந்தப் பாகம், எப்படிக் கண்டறிந்தார்கள், உத்தரவாதத்தில் உண்டா இல்லையா என்பதை எழுதச் சொல்லுங்கள். வெளிச்சேதம் என்று எழுதினால், நீங்கள் அதை ஏற்கவில்லை என்பதை உங்கள் கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். பிற்பாடு எந்த மன்றத்துக்குப் போனாலும் இந்தத் தாள்தான் பேசும்.

பின்மூடியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பழைய எல்சிடி டிவிகளில் பேக்லைட்டாக இருப்பவை பாதரசம் உள்ள மெல்லிய குழல்விளக்குகள். உடைந்தால் பாதரசம் வீட்டுக்குள்ளேயே பரவும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை நம்பி அழைப்பதும் ஆபத்தே. பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்று லிங்க் அனுப்பி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கையே துடைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. எண்ணை உத்தரவாத அட்டையிலிருந்தோ கம்பெனியின் சொந்த வலைத்தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

மின்சாரம் ஏறி இறங்கி டிவி கெட்டால் வழி வேறு. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கலாம். ஒரே இரவில் பல வீடுகளில் சாதனங்கள் கருகும். மைசூருக்கு மின்சாரம் தரும் சாமுண்டேஸ்வரி மின்வழங்கு கழகமான செஸ்க்குக்கு 1912ல் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்திலும் கொடுங்கள், பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திடட்டும். மின்வழங்கலும் சட்டப்படி ஒரு சேவையே, அதன் குறைபாட்டுக்காகவும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

கடையோ கம்பெனியோ கைவிரித்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். இணையத்தில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் மைசூரு மாவட்ட நுகர்வோர் தகராறு தீர்வு ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மைசூர் வாழ் தமிழர்களுக்கு மிகவும் உதவும் ஒரு மாற்றம் வந்தது. ஆடித் தள்ளுபடியில் கோவையிலோ சேலத்திலோ டிவி வாங்கிக் கொண்டுவந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மைசூரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் இந்த ஊரிலேயே மைசூர் கிராஹகர பரிஷத் என்ற நுகர்வோர் அமைப்பு இருக்கிறது.

உங்கள் வீடியோவும் கம்பெனியின் ஜாப் ஷீட்டும் முரண்பட்டால், ஆணையம் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும் என்கிறது சட்டம். சோதனைக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதற்காகப் பின்வாங்காதீர்கள், உத்தரவு வந்தால் அது வலுவானது: குறையை நீக்கச் சொல்லலாம், புது டிவி தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடும் விதிக்கலாம். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய 45 நாட்கள் உண்டு. அப்படிச் செய்யாமலும் உத்தரவை நிறைவேற்றாமலும் இருந்தால், ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72ஆம் பிரிவு இடம் தருகிறது.