கவனம் சிதறும் பிள்ளை: குழப்படியா, குருதியா?

"சொன்னதைக் கேட்கிறான் இல்லை, இருந்து படிக்கிறான் இல்லை" என்று ஆசிரியர் முறையிடும் பிள்ளைகள் எல்லோரும் குழப்படிக்காரர் அல்லர். போரைக் கண்ட வீடுகளில் இதை மனவடு என்று எண்ணுவோம். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில பிள்ளைகளுக்குக் காரணம் குருதியிலேயே இருக்கிறது. பினைல்கீற்றோனூரியா என்ற பரம்பரை அனுசேபக் கோளாறு அப்படியானது.

நாம் உண்ணும் புரதத்தில் பினைல்அலனின் என்ற அமினோவமிலம் உண்டு. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதைத் தைரோசினாக மாற்றும். இந்நோயில் அந்த நொதியம் சரியாக வேலை செய்யாது. தேங்கும் பினைல்அலனின் வளரும் மூளையைப் பாதிக்கிறது. பெற்றோர் இருவரும் நோயின்றி அந்த மரபணுவைக் காவினாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வீத வாய்ப்பு. சொந்தத்துக்குள் கலியாணம் செய்வோரில் இந்த ஆபத்து கூடும்.

நோர்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளின் சிறுநீரில் வீசிய வாடைக்குக் காரணம் தேடி வைத்தியர் வைத்தியராக அலைந்தார். 1934 இல் அஸ்பியோன் போலிங் என்ற வைத்தியர் அந்தச் சிறுநீரைச் சோதித்தே நோயைக் கண்டறிந்தார். பின்னர் 1950களில் விசேட உணவும், 1960களில் குதிக்காலில் எடுக்கும் துளிக் குருதியில் நோயைக் காணும் றொபேர்ட் கத்ரியின் பரிசோதனையும் வந்தன. பிறந்த சில நாட்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கினால் பிள்ளையின் புத்தி காப்பாற்றப்படும்.

ஆனால் அப்படிக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகளிலும் கவனக்குறைவு மற்றவர்களைவிட அதிகம். பினைல்அலனினும் தைரோசினும் மூளைக்குள் நுழைய ஒரே வாசல்தான். முன்னையது முண்டியடித்தால் பின்னையது வெளியில் நிற்கும். தைரோசினிலிருந்தே டோபமின் உண்டாகிறது. அது குறைந்தால், ஒரு வேலையில் நிலைத்து நிற்க உதவும் நெற்றிப்புற மூளை தளரும். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் துள்ளித் திரிவதில்லை, யன்னலைப் பார்த்தபடி இருந்துவிடுவார்கள். அதனால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே இந்நோயுள்ள பிள்ளைக்குப் பிரம்புக்கும் மாத்திரைக்கும் முன்னர் குருதிப் பரிசோதனை தேவை. 12 வயதுக்குட்பட்டோருக்கு லீற்றருக்கு 120 முதல் 360 மைக்குரோமோல் என்பது ஐரோப்பிய வழிகாட்டல். இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு, கச்சான் எல்லாம் விலக்கு. அஸ்பார்ட்டேம் சேர்ந்த சீனியில்லா மென்பானமும் கூடாது. பதிலுக்குக் குடிக்கும் விசேட மா பெரியவர்களையே முகம் சுளிக்க வைக்கும். காய்ச்சல் வந்தாலும் அளவு ஏறிவிடும், அது பிள்ளையின் பிழை அல்ல.

அளவு ஏறிய நாட்களையும் ஆசிரியர் முறையிட்ட நாட்களையும் ஒரே கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அதை வைத்தியரிடம் காட்டுங்கள்.