மருதானைச் சந்தி: இருப்புப்பாதையும் தொழிலாளர் உணர்வும்

இந்தியாவிற் பிரித்தானிய ஆட்சியின் விளைவுகள் பற்றி 1853 இல் எழுதிய கட்டுரையொன்றிலே, இருப்புப்பாதை நவீன கைத்தொழிலின் முன்னோடியாக அமையும் என்றும், அக்கைத்தொழில் சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழிற்பிரிவினையைத் தகர்க்கும் என்றும் கார்ல் மார்க்ஸ் எதிர்பார்த்தார். இவ்வெதிர்பார்ப்பு இலங்கையில் எந்த அளவிற்கு நிறைவேறியது என்பதை நோக்குவதற்குக் கொழும்பு மருதானைப் புகையிரதச் சந்தி தக்கதோர் உரைகல்லாகும்.

இலங்கையின் இருப்புப்பாதை பயணிகளின் வசதி கருதித் தோன்றியதன்று. மலைநாட்டுக் கோப்பியை மாட்டுவண்டிகளிலே துறைமுகத்திற்குக் கொண்டுவருவதில் ஏற்பட்ட தாமதமும் செலவுமே தோட்ட முதலாளிகளை அதனைக் கோரத் தூண்டின. 1858 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் தொடக்கிவைத்த வேலையைத் தனியார் கம்பனி நிறைவுசெய்யவில்லை. அரசே அதனைப் பொறுப்பேற்றது. பாதை 1865 இல் அம்பேபுஸ்ஸவரையும், 1867 இல் கண்டிவரையும் திறக்கப்பட்டது. இலாபம் தோட்டத்துரைமாருக்கும் சுமை பொதுத் திறைசேரிக்கும் உரியனவாயின.

மருதானையை அண்டியிருந்த பழைய கொழும்பு முடிவிடமே இப்பாதையின் தொடக்கம். கரையோரப் பாதை 1895 இல் மாத்தறையை எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே களனிவெளிப் பாதை மருதானையிலிருந்து கிளைத்தது. 1905 இல் காங்கேசன்துறைப் பாதை நிறைவுற்றது. இவ்வாறு பெருகிய போக்குவரத்தின் மத்தியில் 1908 இல் மருதானை நிலையமும், 1917 இல் கோட்டை நிலையமும் எழுந்தன. ஏனைய பாதைகள் 5 அடி 6 அங்குல அகலமுடையனவாயிருக்க, களனிவெளிப் பாதை 2 அடி 6 அங்குலமாகவே அமைந்தது. அதனால் அக்காலத்தில் ஒன்றின் பெட்டி மற்றதில் ஓட இயலாதிருந்தது. மேற்செல்லவேண்டிய சரக்கைத் தொழிலாளரின் தோள்களே இடம்மாற்றின. முதலாளித்துவத்தின் சிக்கனம் உழைப்பாளியின் முதுகிற் சுமையாவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பாதைகள் சந்தித்த இடத்திலே தொழிலாளரும் சந்தித்தனர். மருதானையிலிருந்த புகையிரத வேலைத்தளங்கள், பல்வேறு ஊர்களையும் சாதிகளையும் மொழிகளையும் சார்ந்தோரை ஒரே கூரையின்கீழ், ஒரே கூலி முறைக்குள் கொணர்ந்தன. பின்னர் வேலைத்தளங்கள் இரத்மலானைக்கு மாற்றப்படும்வரை, இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் நாற்றங்கால்களுள் ஒன்றாக இப்பகுதி விளங்கியது. 1912 இல் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1922 இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டிலே புகையிரத வேலைத்தளத்தில் மூண்ட வேலைநிறுத்தம் துறைமுகம் முதலாய ஏனைய துறைகளுக்கும் பரவி, ஏறத்தாழ 20,000 பேர் பங்குகொண்ட பொது வேலைநிறுத்தமாயிற்று.

எனினும், இதனை மாத்திரம் கூறி அமைவது வரலாற்றின் ஒரு பாதியை மறைப்பதாகும். 1915 இல் கண்டியில் மூண்ட, முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் சில நாட்களிற் கொழும்பை அடைந்தபோது, அதிலே புகையிரதத் தொழிலாளரும் ஈடுபட்டனர். விலையுயர்வினால் வாடிய தொழிலாளியின் சினம் குடியேற்ற ஆட்சியை நோக்காது அயலிலிருந்த கடைக்காரனை நோக்கித் திருப்பப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் தாக்கிய 1930களிலே, முன்னர் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய குணசிங்கவே மலையாளத் தொழிலாளருக்கெதிரான பிரசாரத்தில் இறங்கினார். 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர்.

இம்முரண்பாட்டைத் தனிமனிதரின் குணக்கேடாகக் கொள்வது போதாது. வேலையின்மை தொழிலாளரை ஒருவருக்கொருவர் போட்டியாளராக்கியது. 1931 இல் வழங்கப்பட்ட சர்வசன வாக்குரிமை ஒரு சனநாயக வெற்றியேயாயினும், தொழிற்சங்கத் தலைமை வாக்குவேட்டைக்கு இனவுணர்வைக் கருவியாக்கவும் இடமளித்தது. கொழும்பின் தொழிலாளர் இயக்கம் பற்றிக் குமாரி ஜயவர்த்தன 1972 இல் வெளியிட்ட ஆய்வு, வர்க்க உணர்வும் இனவுணர்வும் ஒரே மக்களிடையே அருகருகே வாழ்ந்தமையை உணர்வதற்குப் பெரிதும் துணைபுரிவது.

1956 இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் போரினால் யாழ்ப்பாணம் செல்வது தடைப்பட்டு, 2014 இலேயே மீண்டும் அங்கு சென்றடைந்தது. தண்டவாளங்களை மீள இடுவதற்குப் பணமும் பொறியியலும் போதும். ஆனால், இருப்புப்பாதை தானாகவே மக்களை ஒன்றுபடுத்திவிடும் என மார்க்ஸ் கருதினாரல்லர். பிரித்தானியாவிலே தொழிலாளி வர்க்கம் ஆட்சியைக் கைப்பற்றும்வரை, அல்லது இந்தியர் தாமே அந்நிய நுகத்தடியை அகற்றும்வரை, புதிய உற்பத்திச் சக்திகளின் பயனை அவர்கள் துய்க்கமாட்டார்கள் என்பதையும் அதே கட்டுரையில் அவர் வலியுறுத்தினார். அந்நிய ஆட்சி அகன்ற பின்னரும், எல்லா இன உழைப்பாளரையும் ஒரே அணியிற் திரட்டும் அரசியற் பணி நிறைவுறவில்லை என்பதே மருதானையின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.