பொய்ப் புள்ளியும் மெய்க் கோளும்

இரவில் எதிரே ஒரு பைக் வருகிறது. ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசுகிறது. ஓட்டி வருவது யாரென்று தெரியவில்லை. கையை நீட்டி அந்த விளக்கை மட்டும் மறைத்துப் பாருங்கள், முகம் தெரிந்துவிடும்.

வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளைப் படம் பிடிப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். வெகு தொலைவிலிருந்து பார்த்தால், நம் சூரியன் பூமியைவிட ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு பிரகாசமாகத் தெரியும்! அதனால் அவர்களும் நட்சத்திரத்தை மறைக்கிறார்கள். மறைக்கும் கருவியின் பெயர் கொரோனாகிராஃப். கிரகணத்துக்காகக் காத்திராமல் சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் பார்க்க, பிரான்சு நாட்டு பெர்னார் லியோ 1930களில் உருவாக்கியது அது.

மறைத்துவிட்டால் போதுமா? போதாது. நம் தலைக்கு மேலே காற்று சும்மா இருப்பதில்லை. அது அலைய அலைய, நட்சத்திர ஒளியும் நடுங்கி, மறைப்பைத் தாண்டி வழிகிறது. சிலி நாட்டு மலையொன்றில் உள்ள ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் 2013-இல் பொருத்திய 'ஜெமினி பிளானட் இமேஜர்' இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில், நெளியக்கூடிய ஒரு கண்ணாடி. அதன் முதுகில் 4096 நுண் தள்ளிகள். காற்று ஒளியைக் கலைத்த அளவுக்கு எதிர்த்திசையில் கண்ணாடி நெளிந்து அதை நேராக்கும். நொடிக்குச் சுமார் ஆயிரம் தடவை!

அப்படியும் மிச்ச ஒளி, படத்தில் பொட்டுப் பொட்டாக நிற்கும். ஒவ்வொன்றும் பார்க்கக் கோள் மாதிரியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் வருகிறது. ஒரே நேரத்தில் பல அலைநீளங்களில் படம் எடுத்து, வரிசையாக ஓட்டிப் பார்ப்பார்கள். அலைநீளம் கூடக் கூட, பொய்ப் புள்ளிகள் நட்சத்திரத்தை விட்டு வெளியே நகரும். உண்மையான கோளோ இருந்த இடத்திலேயே இருக்கும். அகப்பட்டுக்கொண்டது!

2014 டிசம்பரில் அப்படி அகப்பட்டதுதான் '51 எரிடனி பி'. சுமார் 100 ஒளியாண்டு தொலைவு. அதன் நட்சத்திரம் ஓரியன் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருட்டான ஊரில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். கோளுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு, கோள்களில் பச்சைக் குழந்தை. பிறந்த சூடு ஆறவில்லை. ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டால் அகச்சிவப்பில் தானே ஒளிர்வதால்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

அலைநீளம் பிரித்து எடுத்த அதே படங்கள் இன்னொன்றையும் சொல்லிவிட்டன. கோளின் ஒளியில் சில அலைநீளங்கள் மட்டும் குறைந்திருந்தன. அவற்றை விழுங்கியது மீத்தேனும் நீராவியும். நம் ஊர்ச் சாண எரிவாயுவில் இருக்கும் அதே மீத்தேன்தான், அங்கே காற்று மண்டலத்தில்!

பூமி போன்ற சிறிய, ஆறிப்போன கோளை இப்படிப் பிடிப்பது இன்னும் கைகூடவில்லை. அதற்குப் பழகிப் பார்க்கத்தான் நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கிக்குப் புதிய கொரோனாகிராஃப் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அதில் நெளியும் கண்ணாடிகள் இரண்டு.