ஒரு ஜீப், ஒரு பீரங்கி, எதிரே பேட்டன்கள்

கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் என்றால், சிப்பாய்களுக்கு உடுப்பும் தளவாடமும் குறைவில்லாமல் போய்ச் சேரப் பொறுப்பானவர். 1965 செப்டம்பரில் நான்காவது கிரனேடியர்ஸ் பட்டாலியனில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசம், காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில் தையல்காரர் வீட்டுப் பிள்ளை, வயது 32. முன்பு ஐந்தாண்டுகள் டாங்கி எதிர்ப்புப் பிரிவில் பழகிய கை. பாகிஸ்தானுடன் போர் மூண்டதும் பீரங்கி ஜீப் மறுபடி அவரிடம் வந்தது.

அந்தப் பீரங்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 106 மி.மீ. ஆர்.சி.எல்.; பின்னுதைப்பு இல்லாதது. குண்டு முன்னால் பாயும்போது வெடிவாயுவின் பெரும்பகுதி பின்பக்கம் சீறி வெளியேறும். அதனால்தான் சாதாரண ஜீப் அதைத் தாங்குகிறது. ஆனால் அந்தச் சீற்றம் கிளப்பும் புழுதியும் புகையும், சுட்டவர் இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஜீப்புக்குக் கவசம் கிடையாது. சுட்ட கையோடு வண்டியைக் கிளப்பி இடம் மாறினால்தான் பிழைக்கலாம். எதிரே வந்தவையோ, ஏறக்குறைய 45 டன் எடையுள்ள அமெரிக்கத் தயாரிப்பான பேட்டன் டாங்கிகள்.

பஞ்சாபின் கேம்கரண் வட்டாரம். எல்லையிலிருந்து பின்வாங்கிய நம் நான்காவது மலைப் படைப்பிரிவு அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் அரண் அமைத்திருந்தது. வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்; கனத்த டாங்கிகள் சேற்றில் சிக்கின. 1962-இல் சீனப் போரில் அடி வாங்கிய அதே படைப்பிரிவு இது. ஹமீதும் அந்தப் போரைப் பார்த்தவர்.

செப்டம்பர் 10, காலை 8 மணி. கடும் குண்டுமழைக்குப் பின் சீமா கிராமத்துக்கு முன்னால் டாங்கிகள் வந்தன. 9 மணிக்குள் நம் முன்னணி நிலைகளுக்குள் புகுந்துவிட்டன. ஹமீது ஜீப்பைப் பக்கவாட்டில் கொண்டுபோய் முதல் டாங்கியை அடித்தார். இடம் மாறினார், இன்னொன்று தீப்பற்றியது.

என் மனசை உலுக்குவது அந்த இரண்டாவது குண்டுதான். முதல் குண்டு எதிரி எதிர்பாராதது. இரண்டாவதைச் சுடும்போது, எல்லா டாங்கிகளும் இந்த ஒற்றை ஜீப்பைத்தான் தேடுகின்றன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பின்வாங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மூன்றாவதைக் குறிவைத்தார். சரமாரியான இயந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு குண்டு அவர் உயிரைப் பறித்தது.

அசல் உத்தரில் எதிரி இழந்த டாங்கிகள் 90-க்கு மேல். பிடிபட்டவற்றை நிறுத்திவைத்த இடத்துக்குப் 'பேட்டன் நகர்' என்றே பெயர் வந்தது.

போர் ஓயுமுன்பே, செப்டம்பர் 16-இல், ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. 1966 குடியரசு தினத்தில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனின் கையிலிருந்து, மனைவி ரசூலன் பீபி அதைப் பெற்றுக்கொண்டார். விருதுக் குறிப்பு பேசுவது 10-ஆம் தேதிக் காலையை மட்டும்தான். அதற்கு முன்பே ஹமீது வீழ்த்திய டாங்கிகளையும் சேர்த்துத்தான் அவருடைய ரெஜிமென்ட் கணக்குச் சொல்கிறது.